சன்னல் மெழுகுவர்த்திக்கு ஒரு சட்டி மணல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்தால் குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வீட்டு முகப்பில் ஸ்டார் தொங்கும், முற்றத்தில் குடில் எழும். அயர்லாந்து கிராமங்களில் அந்த இடம் சன்னல் மெழுகுவர்த்திக்கு. 24-ஆம் தேதி இருட்டியதும் பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டி அதை ஏற்றும். சத்திரத்தில் இடமில்லாமல் அலைந்த மாதாவுக்கும் சூசையப்பருக்கும் ‘இங்கே வாருங்கள்’ என்று சொல்லும் வெளிச்சம் அது. முன்பெல்லாம் கதவையும் தாழிட மாட்டார்கள். எவ்வளவு அழகான வழக்கம்! இதை நம் வீடுகளிலும் ஏற்றலாம்.

அங்கே முன்பெல்லாம் பெரிய டர்னிப் கிழங்கின் அடியைத் தட்டையாகச் சீவி, மேலே குழி தோண்டி வர்த்தியை நடுவார்கள். நம் புழுக்கத்தில் கிழங்கு சீக்கிரம் தளர்ந்து வர்த்தி சாயும். வாயகன்ற மண்சட்டியில் உலர்ந்த மணலே நல்லது. ஓரடி வர்த்திக்கு நான்கு விரல் ஆழம். ஈர மணல் முதலில் இறுகப் பிடிக்கும், காய்ந்ததும் விட்டுவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மறக்கக் கூடாது. கம்பி மட்டுமுள்ள திறந்த சன்னலில் சுடர் ஒருபக்கம் சாய்ந்து, மெழுகு அந்தப் பக்கமே வழிந்து, வர்த்தி அணைந்துவிடும். கண்ணாடிக் கதவைச் சாத்துங்கள். திரைச்சீலையைக் கழற்றியே விடுங்கள்; ஒதுக்கிக் கட்டினால் போதாது. காகித ஸ்டார் பக்கத்தில் வேண்டாம். நள்ளிரவுத் திருப்பலிக்கு எல்லாரும் கிளம்பினால் அணைத்துவிட்டே போங்கள்.

முன்பெல்லாம் 24-ஆம் தேதி இரவு அவர்கள் சாப்பாடு இறைச்சியில்லாமல் இருந்தது: உப்பிட்ட மீன், ஒயிட் சாஸ் எனும் பாலும் மாவும் சேர்ந்த வெள்ளைக் குழம்பு, உருளைக்கிழங்கு. மீனை முந்தின இரவே ஊறவைத்துத் தண்ணீர் மாற்றாவிட்டால் உப்பு கரிக்கும். இது நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜனவரி 6 அங்கே ‘பெண்கள் கிறிஸ்துமஸ்’. அன்று அடுப்படி ஆண்கள் பொறுப்பு. இதையும் இங்கே கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
நாகர்கோவில்.