சத்தம் போடாத அலறல்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தாயிற்று. என் ஸ்டூடியோ வாசலில் கணுக்கால் தண்ணீர். கல்யாண வீடுகளும் இல்லை, கமராவுக்கும் எனக்கும் ஓய்வு. நத்தார் லீவில் நிற்கிற மகளோடு இருந்து, வீட்டில் தனியே விடுபட்ட சிறுவன் கெவின் இரண்டு கள்ளரை விரட்டுகிற அந்த 'ஹோம் அலோன்' படத்தைப் பார்த்தேன். உன் நினைப்பு வராமல் இருக்குமா?

1990 நவம்பரில் அமெரிக்காவில் வந்த படம் எங்களிடம் வந்துசேர நாலு வருடம் எடுத்தது. விசுவமடுவில் உன் சித்தப்பா வீட்டு முற்றத்தில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஜெனரேற்றர் மிஷினை ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்டுப் பார்த்தோமே. கள்ளனின் முகத்தில் சிலந்தி ஏறுகிற நேரம் பார்த்து மிஷின் நின்றுபோனது. அந்த இருட்டுக்குள் உன் தங்கச்சி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தக் கள்ளனாக நடித்த டானியல் ஸ்ரேர்ன் அந்த இடத்தில் சத்தமே போடவில்லையாம், தெரியுமா? முகத்தில் விட்டது உயிருள்ள சிலந்தி. கத்தினால் அது மிரண்டுவிடும் என்று வாயை மட்டும் பிளந்து நடித்திருக்கிறார். அலறலைப் பிறகுதான் சேர்த்தார்கள். எனக்கு உடனே மாங்குளம் ஞாபகம் வந்தது. 2009இல் அங்கே ஒருவர் அடித்துக் கொன்ற சிலந்தி, அதுவரை உலகம் அறியாத இனம் என்று பிறகு தெரியவந்தது. மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய டொக்டர் விடுதிக்குள்ளும் அது குடியிருந்ததாம். காலை விரித்தால் 20 சென்ரிமீற்றர், ஒரு ஆளின் முகத்தை மூடப் போதும். சத்தம் போடாமல் இருக்க என்னால் முடியாதப்பா.

மற்றக் கள்ளனாக நடித்த ஜோ பெஷி, கெவினாக நடித்த சிறுவன் மக்கோலி கல்கின் தன்னைக் கண்டு உண்மையாகவே பயப்பட வேண்டும் என்று படப்பிடிப்பில் அவனோடு சேராமலே இருந்தாராம். ஒத்திகையில் அவனின் விரலைக் கடிக்கிற இடத்தில் மெய்யாகவே கடித்துவிட, தழும்பே விழுந்துவிட்டது. பெஷிக்கு வாய் திறந்தால் தூஷணம். குழந்தைகள் பார்க்கிற படமாயிற்றே என்று, அதற்குப் பதிலாக 'ஃபிரிட்ஜ்' என்று சொல்லும்படி இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் கேட்டாராம்.

கெவின் ரீவியில் போட்டுக் கள்ளரை விரட்டுகிற அந்தக் கறுப்பு வெள்ளைச் சண்டைப்படம் எங்கே கிடைக்கும் என்று தேடினோமே, அப்படி ஒரு படமே இல்லை. இதற்காகவே தனியாக எடுத்த துண்டு அது. வீட்டின் வெளிப்புறம் சிக்காகோவுக்குப் பக்கத்தில் இருக்கிற உண்மையான வீடு. உட்புறத்தில் பெரும்பகுதியை மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குள் கட்டினார்கள். வெள்ளம் நிற்கிற நிலவறை அந்தப் பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகம். எங்களுக்கு மூடின பள்ளிக்கூடம் என்றால் அகதி முகாம்தான், என்ன சொல்ல.

ஜோன் கான்டி, வான் வண்டியில் கெவினின் தாயைக் கூட்டிப் போகிற அந்தத் தடித்த மனிதர், ஒரே நாளில் 23 மணித்தியாலம் நின்று தன் பகுதி முழுவதையும் முடித்தார். சம்பளம் 414 டொலர். மகனைப் பிண வீட்டில் விட்டுவிட்டு வந்த கதையும் அவர் அந்த இடத்திலேயே கட்டிச் சொன்னதுதான். கல்யாண வீடுகளில் பொன்னுருக்குச் சடங்கில் தொடங்கி விடியவிடியப் படம் எடுத்து, மிச்சக் காசுக்கு மூன்று மாதம் அலைகிற எனக்கு அந்த மனிதரில் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். அண்ணன்காரனின் காதலியின் படத்தைக் கெவின் பார்த்து முகம் சுளிப்பானே, அது பெண் பிள்ளையே இல்லை. கலை இயக்குநரின் மகனுக்குப் பொய்முடி வைத்து எடுத்த படம். உண்மையான ஒரு பிள்ளையின் முகத்தை வைத்துச் சிரிக்கவைப்பது கொடுமை என்று கொலம்பஸ் நினைத்தாராம். நாங்கள் மறுநாளே வகுப்பில் பல்லு எடுப்பான அந்தப் பிள்ளைக்கு 'கெவின்ர அண்ணி' என்று பேர் வைத்தோம். பேர் உன்னுடையது, பரப்பினது நான்.

கார்த்திகையில் அவள் மகளோடு கடைக்கு வந்தாள், அடையாள அட்டைப் படம் எடுக்க. மகளை எடுத்து முடித்துவிட்டு, "நீரும் ஒன்று எடும், காசு வேண்டாம்" என்றேன். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "எனக்குப் படம் சரிவராது" என்றாள். அந்தப் பேர் அவளுக்கு ஞாபகமோ இல்லையோ, கேட்க எனக்கு வாய் வரவில்லை. மகளின் படத்துக்கு அரைக்காசுதான் வாங்கினேன். மிச்சத்தை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சரி மச்சான், தண்ணீர் படிக்கு வந்துவிட்டது. கமராப் பெட்டிகளை மேலே தூக்கி வைக்க வேண்டும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்லு. அவளிடம் சிலந்தியைப் பற்றியும் சொல்லு.

உன் பழைய கூட்டாளி