தண்ணீரை விற்கும் முன்

மீஞ்சூர்

அன்புள்ள நண்பர் கோவிந்தனுக்கு,

வணக்கம். மரக்காணத்தில் உங்கள் கிணற்றுத் தண்ணீரை லாரிக்காரர்கள் விலைக்குக் கேட்பதாகவும், நெல்லைவிட அதில் வருமானம் கூடுதலாகத் தோன்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் முடிவெடுக்கும் முன் சென்னைக்கு வடக்கே எங்கள் மீஞ்சூர்ப் பகுதியில் நடந்ததை அறிய வேண்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் சேர்த்த மணற்படுகைதான் எங்கள் நிலத்தடி நீருக்கு ஆதாரம். சென்னைக்கும் அதன் வடக்கே உள்ள தொழிற்சாலைகளுக்கும் அதிலிருந்து இடைவிடாமல் இறைத்ததால், 1969-இல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை நிலத்தடியில் வந்திருந்த கடலின் உப்பு நீர் 1980-களில் 9 கிலோமீட்டரை எட்டியது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீரும் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரை அண்டவிடாமல் நிறுத்துகிறது என்பது நீரியலின் பழைய கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே எவ்வளவு இழக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிற்பாடு விவசாயிகளின் கிணறுகளிலிருந்தே நகரத்துக்குத் தண்ணீர் விலைக்கு வாங்கப்பட்டது. மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால் விற்றவருக்குச் செலவு பெரிதாக இல்லை. ஆனால் பணம் பம்புசெட் வைத்திருந்தவருக்குப் போக, நட்டமோ அந்தப் படுகையை நம்பியிருந்த எல்லோருக்கும் வந்தது. ஒரு சொட்டும் விற்காதவரின் கிணறும் கரித்தது. நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நெல் உப்பைத் தாங்காது; விளைச்சல் குறையக் குறைய, குத்தகைக்கு உழுதவர் விலகினார், நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்கு வேலை குறைந்தது, நிலத்தை வந்த விலைக்கு விற்றவர்களும் உண்டு. புயலுக்கு நாள் உண்டு, ஆகையால் நிவாரணமும் உண்டு. ஆண்டுக்கணக்கில் ஏறிய உப்புக்கு எந்த நாளைக் காட்டி மனுக் கொடுப்பது? என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

2010-இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலை திறக்கப்பட்டது. நகரத்துக்கு அப்படியொரு மாற்று வழி கிடைத்தது. உவராகிவிட்ட வயலுக்குக் கிடைக்கவில்லை. தடுப்பணைகளில் நீர் தேங்கும் ஆண்டுகளில் அருகிலுள்ள கிணறுகள் ஓரளவு தெளிகின்றன, அவ்வளவே.

ஆகவே லாரிக்காரர்களுக்கு இப்போது வாக்குக் கொடுக்க வேண்டாம். கிணற்று நீரைக் கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் பரிசோதனைக்குக் கொடுத்து உப்பளவைக் குறித்து வையுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களையும் அழைத்துப் பேசுங்கள். அவர்களுடைய தண்ணீரும் அதில் இருக்கிறது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரம்