ஹீட் பம்புக்கு முன் சன்னலைக் கவனிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டைச் சூடாக்கும் எரிவாயு பாய்லரை அகற்றி, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் பொருத்துவோருக்கான மானியத்தை 2023இல் 5,000 பவுண்டிலிருந்து 7,500 பவுண்டாக பிரிட்டன் அரசு உயர்த்தியது வரவேற்கத்தக்கதே. ஆனால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும் இக்கருவி, அறையைச் சூடாக்கும் வெந்நீர்த் தகடான ரேடியேட்டருக்குச் செல்லும் நீர் 45, 50 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போதுதான் சிக்கனமாக இயங்கும் என்பதால், ஒற்றைக் கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெப்பம் வெளியேறும் பழைய வீடுகளில் நீரை அதைவிடச் சூடாக்க நேர்ந்து மின்கட்டணம் கையைக் கடித்துவிடும். இரட்டைக் கண்ணாடி பொருத்தவும் உதவித்தொகை கட்டாயம் தேவை.

திரையும் சிறு விஷயமல்ல. சன்னலுக்குக் கீழுள்ள ரேடியேட்டரை மூடித் தொங்கும் நீளமான திரைச்சீலை, மேலெழும் வெப்பத்தைக் கண்ணாடிப் பக்கமே தள்ளிவிடுகிறது; சன்னல் சட்டத்துக்குள் அடங்கும் பிளைண்டு எனும் மடக்கு மறைப்பு அந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கும். கருவி பொருத்த வரும் நிறுவனங்கள் இவற்றையும் ஆராய்ந்து சொல்வதை அரசு விதியாக்க வேண்டும்.

– வாசகர், லண்டன்