ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் ஒரு விடிகாலை பஸ்

பள்ளத்தாக்குப் பேருந்து நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகத்தாருக்கு வணக்கம்.

மார்ச் மாதம் விடிகாலை பஸ் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. நன்றி. மூன்று காரணங்கள் சொல்லியிருந்தீர்கள். ஸ்கீ பருவம் முடிந்து கோடை தொடங்கும்வரையிலான இடைப்பருவத்தில் காலை பஸ்ஸுக்குப் பயணிகள் இல்லை. மலையேறுகிறவர்கள் முந்தின நாளே வந்து மலைமேல் உள்ள குடிலில் தங்கிக்கொள்ளலாம். விடிகாலைப் போக்குவரத்து காட்டுயிர்களுக்குத் தொந்தரவு.

பதில் வந்த அதே வாரத்தில் மலையேற்றம் தொடங்குகிற மேலூர் கிராமத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு புதிய பலகை முளைத்தது. ஸ்கீ (பனிச்சறுக்கு) பயணிகள் காரைத் தவிர்த்துப் பொதுப் போக்குவரத்தில் வரவேண்டும் என்கிறது பலகை. கீழே அபராதத் தொகை. அதற்கும் கீழே, ஊராட்சியின் சின்னத்தோடு உங்கள் சின்னமும். பஸ் இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதிய கையும், பஸ்ஸில் வா என்று பலகை நட்ட கையும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகு, இனி தனிக்கடிதத்தால் பயனில்லை என்று தோன்றிவிட்டது.

ஜெர்மனில் எழுதியது உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் பஸ்ஸில் ஏறுகிற தமிழர்களும் ஏற முடியாமல் போகிற தமிழர்களும் இந்தச் சுவிஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள் என்பதுதான். அவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கீ லிஃப்ட் பருவம் முடிந்து நின்ற நாள் முதல் மே மாதக் கடைசி வரை, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில், ரயில் நிலையத்திலிருந்து மேலூருக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு பஸ். ஒன்றே ஒன்று.

வசந்தகாலப் பனி எப்படி நடந்துகொள்ளும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஓட்டுநர்களில் பலர் இந்த மலைகளிலேயே பிறந்தவர்கள். அவர்களைக் கேட்டாலே போதும். மேகமில்லாத இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகிப்போகிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும்கூட இறுகிவிடும். விடிகாலையில் அதன்மேல் நடந்தால் தடம்கூடப் பதியாது; ஸ்கீயின் அடியில், பின்னுக்கு வழுக்காமலிருக்க, தோல்பட்டை ஒட்டியும் வழுக்குகிற இடங்களில் இரும்புப் பற்களையும் மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறோம். பிறகு வெயில் வருகிறது. முதலில் கிழக்குச் சரிவு இளகும், அடுத்து தெற்கு, கடைசியில் மேற்கு. மேலே ஒரு விரற்கடை மட்டும் இளகி, அடியில் உறுதி குலையாமல் இருக்கிற அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேர இறக்கத்துக்காகத்தான் இத்தனை பேர் தூக்கத்தை விட்டு வருகிறார்கள். அந்த நேரம் கடந்துவிட்டால் நீர் உள்ளே இறங்கி, பனிமணிகளின் பிணைப்பு தளர்ந்து, சரிவு முழுவதும் நம்ப முடியாததாகிவிடும். ஈரப் பனிச்சரிவு, அதாவது நீர் ஊறிய பனி பெயர்ந்து இறங்குவது, தூள்பனிச்சரிவைப் போலப் பாய்ந்து வராது. மெதுவாகத்தான் வரும். ஆனால் அதன் எடைக்கு முன்னால் மரமும் நிற்காது.

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் மாலை 5 மணிக்கு வெளியிடும் அறிக்கையை நீங்களும் பார்ப்பீர்கள். வசந்தத்தில் அதில் உலர்ந்த பனிச்சரிவு வேறு, ஈரப் பனிச்சரிவு வேறு என்று தனித்தனியே ஆபத்தைச் சொல்லியிருப்பார்கள். விடியும்போது கீழ்ப்படியில் இருக்கும் ஆபத்து பொழுது ஏற ஏற உயரும் என்று எழுதியிருப்பார்கள். எப்போது உயரும் என்பது வெயிலைப் பொறுத்தது. உங்கள் கால அட்டவணையைப் பொறுத்தது அல்ல.

இனி ஒரு சின்னக் கணக்கு. மேலூர் 1450 மீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள கணவாய் 2700 மீட்டர். மணிக்கு 350 மீட்டர் உயரம் ஏறுவது சாதாரணமான நடை. மூன்றரை மணி நேரம் பிடிக்கும். லிஃப்ட் ஓடும் வரை காலை ஆறு மணிக்கு முதல் பஸ் விட்டீர்கள். லிஃப்ட் நின்ற மறுநாளே அதை எடுத்துவிட்டு, எட்டு மணிக்குப் புறப்படும் பஸ்ஸை முதல் பஸ் ஆக்கினீர்கள். அது மேலூர் சேர்வது 8.35-க்கு. ஸ்கீ மாட்டி, பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் கருவிகளைச் சோதித்துக் கிளம்பினால் கணவாயை அடையும்போது பகல் பன்னிரண்டே கால். ஏப்ரல் கடைசியில் சூரியன் ஆறேகால் மணி அளவிலேயே எழுந்துவிடுகிறது. கணவாயின் கிழக்கு முகம் அதற்குள் ஐந்து மணி நேரம் வெயில் குடித்திருக்கும். ஐந்து மணி பஸ் இருந்தால் நாங்கள் ஒன்பதேகாலுக்குக் கணவாயில் நிற்போம். பத்தரைக்குள் கீழே வந்து காபி குடித்துக்கொண்டிருப்போம்.

கடந்த ஞாயிறு நடந்ததைச் சொல்ல வேண்டும். இரவு வானம் தெளிவாக இருந்தது. முந்தின நாள் கடைசி ரயிலில் வந்து, உங்கள் ஊர் விடுதியிலேயே தங்கினோம். (எங்கள் பணம் உங்கள் ஊரில்தான் விழுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) காலை ஐந்து மணிக்கே விழித்துவிட்டோம். விழித்து என்ன செய்வது? மூன்று மணி நேரம் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து, பின்னிரவிலிருந்தே கார்கள் மேலூரை நோக்கிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு காரின் கூரையிலும் ஸ்கீ. பெரும்பாலான கார்களில் ஓட்டுநரைத் தவிர வேறு ஆள் இல்லை.

மேலூரில் நாங்கள் இறங்கியபோது நிறுத்துமிடம் நிரம்பி, புல்வெளியின் ஓரம்வரை கார்கள் நின்றன. காட்டுப் பாதையில் அரை மணி நேரம் ஏறியதுமே, விடிவதற்குள் ஏறியவர்கள் எதிரே இறங்கத் தொடங்கிவிட்டார்கள். முகமெல்லாம் சிரிப்பு. அவர்களில் ஒரு பெரியவர் எங்களை நிறுத்தி, இந்த நேரத்துக்கா மேலே போகிறீர்கள் என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, கவலையில் கேட்டார். பஸ்ஸில் வந்தோம் என்றோம். ஓ, என்றார். அந்த ஒற்றை எழுத்துக்குள் எவ்வளவு இரக்கம் இருந்தது என்பதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மரங்கள் முடிகிற இடத்தில் பனி முழங்கால்வரை உள்வாங்கத் தொடங்கியது. எதிர்ப்பக்கத்துப் பாறைக்குக் கீழே இருந்த சரிவு, யாரும் தொடாமலேயே, அகலமாகப் பிரிந்து இறங்கியது. எங்கள் பாதை அதே திசையைப் பார்த்த சரிவின் அடியில்தான் போகிறது. திரும்பிவிட்டோம். பதினொன்றரைக்கு மேலூர் நிறுத்தத்தில் இருந்தோம். அடுத்த பஸ் ஒன்றேகாலுக்கு. அந்த நிழற்குடையின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் நேர் எதிரே உங்கள் பலகைதான் தெரிகிறது. அதன் வாசகம் எங்களுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு, வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று யாராவது நினைக்கலாம். மலையில் எங்களுக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவையின் 1414 என்ற எண்ணை அழைத்திருப்போம். பறக்கத்தக்க வானிலை இருந்தால் நள்ளிரவிலும் ஹெலிகாப்டர் வந்திருக்கும். விழுந்தவனை எடுக்க எந்த நேரத்திலும் வர முடிகிற நாட்டில், விழாமல் இருக்க ஒரு பஸ் ஐந்து மணிக்கு வர முடியவில்லை.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பயணிகள் இல்லை என்கிறீர்கள். எட்டு மணி பஸ்ஸில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணியிருக்கிறீர்கள். பனியை அறிந்த எவரும் அந்த பஸ்ஸில் ஏறமாட்டார். சந்தை கலைந்த பிறகு கடை விரித்துவிட்டு, வாங்க ஆளில்லை என்று கணக்கு எழுதியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது பஸ்ஸில் இருந்த தலைகளை அல்ல, விடிவதற்குள் நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்த கார்களை. அந்தக் கணக்கு ஊராட்சியிடம் இருக்கிறது. அபராதச் சீட்டு கொடுக்கிறவர்கள் எண்ணாமலா கொடுக்கிறார்கள்?

குடிலில் தங்கலாமே என்கிறீர்கள். மேலே இருக்கும் குடிலின் காவலர் லிஃப்ட் நின்ற வாரமே இறங்கிவிட்டார். திறந்திருப்பது குளிர்கால அறை மட்டும், எட்டுப் படுக்கைகள். அதை விடுங்கள். முந்தின நாள் பிற்பகலில் குடிலுக்குப் போவதென்றால், அந்தப் பாதை முழுவதும் தெற்குச் சரிவுகளின் அடியில், நாளின் மிக மோசமான நேரத்தில் போகிறது. நாங்கள் எதைத் தவிர்க்க ஐந்து மணி பஸ் கேட்கிறோமோ, அதே ஆபத்தில் ஒரு நாள் முன்கூட்டியே போய் நிற்கச் சொல்கிறது உங்கள் ஆலோசனை. இதை எழுதியவர் மலையைப் பார்த்ததே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சன்னல் வழியாகப் பார்த்திருக்கலாம்.

காட்டுயிர் பற்றிச் சொன்னது மட்டும் உண்மையான கவலை. வசந்த விடியலில்தான் கருங்காட்டுச் சேவல்கள் மரங்கள் முடியும் இடத்தில் கூடி இணை தேடி ஆடுகின்றன. குளிர்காலம் முழுக்கப் பனிக்குள் குழி பறித்து வலிமையைச் சேமித்த பறவையை அப்போது விரட்டுவது பாவம். வனவிலங்கு அமைதி வலயங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. நாங்கள் அவற்றுக்குள் போவதில்லை. போகிறவர்களுக்கு நீங்கள் எவ்வளவு அபராதம் போட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இருளில் வரிசையாக வரும் கார்களால் கலையாத சேவல், ஒரே ஒரு பஸ்ஸால் கலைந்துவிடுமா?

1982-ல் நாடு முழுக்க மணிக்கொரு ரயில் என்ற அட்டவணையைக் கொண்டுவந்த தேசம் இது. வெளிநாட்டு விருந்தினர் வந்தால் முதலில் காட்டுவது ரயில் நேரத்தைத்தான். 2022, 2023 என்ற இரண்டே ஆண்டுகளில் இந்த நாட்டின் பனியாறுகள் தம் கன அளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. அதற்காக ஒவ்வொரு விழா மேடையிலும் வருந்துகிறோம், துண்டுப் பிரசுரம் அடிக்கிறோம், பள்ளிப் பிள்ளைகளை ஓவியம் வரையச் சொல்கிறோம். பிறகு, பனியைத் தேடிப் போகிறவன் ஆளுக்கொரு கார் எடுத்தாக வேண்டும் என்று அட்டவணை போடுகிறோம். கார் வாங்க முடியாதவனும் வாங்க விரும்பாதவனும் பன்னிரண்டு மணி வெயிலில் சரிவின் கீழ் நிற்கட்டும்.

மன்னியுங்கள். பனியாறுகளைப் பற்றிப் பேச நான் வரவில்லை. பஸ்ஸைப் பற்றித்தான்.

அந்த பஸ் எங்களுக்கு மட்டுமானதும் அல்ல. மேலூர் முதியோர் இல்லத்தின் சமையலறையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வேலை செய்கிறார். அவருடைய காலை வேலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. லிஃப்ட் ஓடிய மாதங்களில்கூட உங்கள் முதல் பஸ் அவருக்கு முப்பத்தைந்து நிமிடம் தாமதம். ரொட்டிக்கடை வண்டிக்காரர் மனம் வைத்தால் அவரோடு போகிறார். அவர் விடுப்பு எடுத்தால் மூன்று கிலோமீட்டர் நடந்து, பாதி வழியில் யாரையாவது மறிக்கிறார். வார இறுதி நாட்களில் அவருக்குத்தான் அதிக வேலை. இந்த நாட்டின் மலை ஊர்களில் ஹோட்டல் சமையலறைகளையும் முதியோர் இல்லங்களையும் தாங்குகிற எம்மவர் பலர் இப்படித்தான் அடுத்தவர் தயவில் வேலைக்குப் போகிறார்கள். உங்கள் கணக்கில் அவர்களும் 'இல்லாத பயணிகள்'தான்.

செலவு என்பீர்கள். வெறும் சுற்றுலாத் தடத்துக்குக் கூட்டாட்சி அரசு மானியம் தராது என்பதும், ஆண்டு முழுக்கக் குறைந்தது நூறு பேர் வாழும் ஊர் இருந்தால்தான் தரும் என்பதும் எனக்குத் தெரியும். மேலூரில் நூறு பேருக்கு மேலேயே வாழ்கிறார்கள். தடம் ஏற்கனவே இருக்கிறது, வண்டி இருக்கிறது, சாலையில் பனியும் அகற்றப்பட்டிருக்கிறது. இல்லாதது நேரம் மட்டுமே. வெறும் வண்டி ஓட்ட மனமில்லை என்றால், முன்பதிவு பஸ்ஸாக விடுங்கள். பனிச்சரிவு அறிக்கை மாலை ஐந்துக்கு வந்துவிடுகிறது. அதைப் பார்த்து எட்டு மணிக்குள் நாங்கள் பதிவு செய்கிறோம். நான்கு பேர் சேராவிட்டால் ஓட்டுநர் தூங்கட்டும். மழை இரவில் யாரும் பதிவு செய்யப்போவதில்லை. கூடுதல் கட்டணம் வைத்தாலும் தருகிறோம். முதியோர் இல்லத்து ஊழியர்களிடம் மட்டும் அதை வாங்காதீர்கள்.

அடுத்த ஆண்டுக்கான வரைவு அட்டவணை கோடைத் தொடக்கத்தில் கருத்துக் கேட்புக்கு வரும். டிசம்பர் நடுவில் நடைமுறைக்கு வந்துவிடும். வரைவில் அந்த ஒரு வரியைச் சேர்க்க உங்களுக்கு இப்போது நேரம் இருக்கிறது. சேர்க்காவிட்டால், மாநில அலுவலகத்தின் கருத்துப் பெட்டியில் நானும் நண்பர்களும் முதியோர் இல்லத்து ஊழியர்களும் தனித்தனியே எழுதுவோம் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்தப் பருவமும் இன்னும் முடிந்துவிடவில்லை. இம்மாதம் இயேசுவின் விண்ணேற்பு விடுமுறையோடு சேர்ந்து நான்கு நாட்கள் வருகின்றன. வடக்குச் சரிவுகளில் அப்போதும் பனி இருக்கும். அந்த நான்கு நாட்களுக்கு மட்டும் காலை ஐந்து மணி பஸ்ஸைச் சோதனையாக ஓட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓடுமா, ஓடாதா என்பதை ஒரு வாரம் முன்னதாக நிறுத்தத்தில் ஒட்டிவிட்டால் உதவியாக இருக்கும். விடுதியில் இடம் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஆண்டுச் சீட்டு வைத்திருக்கும் ஒரு பயணி