உப்புப் போட்ட சோடா

கிளிநொச்சி
பங்குனி, ஒரு வெக்கையான பிற்பகல்

அன்புள்ள மச்சான்,

சுகமா? இரணைமடுவுக்குக் கீழே காலபோக வெட்டு முடிந்துவிட்டது. நெல் விலையைப் பற்றித் தொடங்கினால் தாள் காணாது, விடு.

போன ஞாயிறு மகளின் பிள்ளைகள் முற்றத்தில் சீனி இல்லாத கோலாப் போத்தலைத் திறந்து, ஐந்தாறு மென்ரோஸ் இனிப்புகளை ஒரேயடியாகப் போட்டார்கள். மாமரத்தின் கீழ்க்கொப்பு வரை பாய்ந்தது. நான் வெள்ளை வேட்டியோடு பக்கத்தில் நின்றேன்.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? "கோலாவில் அமிலம், இனிப்பில் காரம், அதுதான் பொங்குகிறது" என்றேன். சின்னவள் கேட்டாள்: "வயிற்றுப் பொருமலுக்கு அம்மம்மா சோடாவுக்குள் உப்புப் போடுவா. அதுவும் பொங்குது. உப்பு காரமா தாத்தா?"

உப்பு நடுநிலை. குசினிக்குள் மனுசி சிரித்தது கேட்டது.

பிறகு முற்றத்து மணலைக் கழுவிப் போட்டுப் பார்த்தேன். அதற்கும் நுரைத்தது. மச்சான், அங்கே இரசாயனத் தாக்கமே இல்லை. அமுக்கத்தில் அடைத்த காபனீரொட்சைட்டு, மூடி திறந்ததும் வெளியேறத்தான் பார்க்கிறது. ஆனால் நீருக்கு நடுவில் புதிதாக ஒரு குமிழ் பிறப்பது லேசல்ல. மேற்பரப்பு இழுவிசை அதை முளையிலேயே நசுக்கிவிடும். சொரசொரப்பான பரப்பு கிடைத்தால் அந்தக் கஷ்டம் குறைகிறது. அந்த இனிப்பு கைக்கு வழுவழுப்பு, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மேடுபள்ளம். பாரமும் இருப்பதால் அடிக்குப் போய்விடும். அங்கே பிறக்கும் குமிழ்கள் மேலே வரும் வழியெல்லாம் வாயுவைச் சேர்த்துப் பருக்கின்றன. மணல் நுரையோடு நின்றுவிட, இனிப்பு மரக்கொப்பைத் தொட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு: அதன் பூச்சில் உள்ள பிசினும், சீனிக்குப் பதிலாகக் கோலாவில் போடும் அஸ்பாட்டேமும் குமிழ் உண்டாவதை இன்னும் சுலபமாக்குகின்றன.

அமெரிக்காவில் ரொன்யா கொஃபி என்ற பௌதிகவியலாளர் 2008இல் இதை அளந்து எழுதியிருக்கிறார். பொங்குவதற்கு முன்னும் பின்னும் கோலாவின் அமிலத்தன்மை மாறவில்லையாம். சூடான கோலா அதிகமாகப் பாயும் என்பதும் அதில் இருக்கிறது. எங்கள் பங்குனி வெயிலில் வைத்த போத்தலுக்குக் கேட்கவா வேண்டும்!

சின்னவளிடம் பிழையை ஒப்புக்கொண்டேன். "அப்ப இன்னொரு போத்தல் வாங்கித் தாங்கோ" என்கிறாள். வேட்டியில் கறை இன்னும் போகவில்லை. ஆவணியில் நீ வரும்போது வெள்ளைச் சட்டை போடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்