ஸ்லைஸ் பற்றிய அந்தப் படத்தைத் திருத்திப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில், கோல்ஃப் பழக ஆரம்பிப்பவர்களுக்காக, ஸ்லைஸ் (வலது கைக்காரர் அடித்த பந்து வலப்பக்கமாக வளைந்து போவது) பற்றி ஒரு கட்டுரையும் படமும் போட்டிருந்தீர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றித் தமிழில் நுணுக்கமாக எழுதுபவர்கள் குறைவு, அதனால் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் படத்துக்குக் கீழே இருந்த வரியைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. பந்து முதலில் ஸ்விங் (கிளப் என்கிற மட்டையை வீசுவது) போகிற பாதையில் கிளம்பும், பிறகு கிளப்பின் முகம் (பந்தில் படுகிற தட்டையான பக்கம்) பார்க்கிற பக்கமாக வளைந்து போய் விழும் என்று அதில் இருக்கிறது. இது தவறு. இதே வரியை நம்பி நான் நாலு வருடம் தப்பான பயிற்சி செய்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் மிகவும் கொஞ்சம். ஒரு நொடியை 2,000 பங்காகப் போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்த நேரத்தில் இரண்டு திசைகளைக் கவனிக்க வேண்டும். கிளப்பின் தலை எந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கிறது என்பது ஒன்று, அதைத்தான் பாதை என்கிறோம். அதன் முகம் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் முகம்தான் தீர்மானிக்கிறது. தூரமாக அடிக்கும் நீளமான கிளப்பான டிரைவரில் சுமார் 85 சதவீதம், உலோகத் தலை கொண்ட குட்டையான கிளப்பான அயர்னில் சுமார் 75 சதவீதம் முகத்தின் பங்கு என்று ரேடார் வைத்து அளந்தவர்கள் சொல்கிறார்கள். பாதைக்கு மீதிதான். சரி, வளைவு எங்கிருந்து வருகிறது? முகமும் பாதையும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதிலிருந்து. பாதையைவிட முகம் வலப்பக்கம் பார்த்தால் பந்து வலப்பக்கம் வளையும், இடப்பக்கம் பார்த்தால் இடப்பக்கம். இரண்டும் ஒத்துப்போய், முகத்தின் நடுவில் பட்டால் பந்து வளையாமல் போகும். இலக்குக்குப் போகும் என்று சொல்லவில்லை, வளையாமல் போகும், அவ்வளவுதான்.

பந்துக்குப் பின்சுழற்சி தனியாக, பக்கச் சுழற்சி தனியாக என்று இரண்டு கிடையாது. பந்து ஒரே அச்சில்தான் சுழல்கிறது. முகமும் பாதையும் விலகும்போது அந்த அச்சு சாய்கிறது, விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்புகிற மாதிரி பந்தும் சாய்ந்த பக்கம் திரும்புகிறது.

இதெல்லாம் நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை. 1960களிலேயே பிரிட்டனில் விஞ்ஞானிகள் கோல்ஃப் ஸ்விங்கை ஆராய்ந்து, பந்து முகத்தை ஒட்டித்தான் கிளம்புகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆனாலும் பழைய விதியையே பல பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2003இல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் போன்ற நிறுவனங்களின் ரேடார் கருவிகள் பயிற்சி மைதானங்களுக்கு வந்த பிறகுதான் எல்லாருக்கும் கண்ணெதிரே எண்ணாகத் தெரிந்தது.

நம்பாதவர்கள் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று அடித்துப் பார்க்கலாம். (நான் சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு, இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.) உங்களுக்கும் குழியில் நட்டிருக்கும் கொடிக்கும் நடுவே மரம் நிற்கிறது. அதற்கு வலப்பக்கமாகக் கிளப்பி, இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவர வேண்டும். உங்கள் படத்தின்படி, முகத்தைக் கொடிக்கு நேராக வைத்துக்கொண்டு மரத்துக்கு வலப்பக்கமாக வீச வேண்டும். அப்படி வீசினால் பந்து பெரும்பாலும் மரத்தில்தான் போய் மோதும், ஏனென்றால் முகம் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. முகம் மரத்தைத் தாண்டி வலப்பக்கம் பார்க்க வேண்டும், பாதை அதையும் தாண்டி இன்னும் வலப்பக்கம் போக வேண்டும். 2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளேஆஃபில் (சமநிலையை முடிவுசெய்யும் கூடுதல் ஆட்டத்தில்), அகஸ்டா மைதானத்தின் 10ஆவது குழியில், மரங்களுக்குள்ளிருந்து பபா வாட்சன் வெட்ஜால் (முகம் அதிகம் சாய்ந்த கிளப்பால்) அடித்த அடியை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். அவர் இடது கைக்காரர். பந்து மரங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியில் கிளம்பி, அப்புறம் ஏறக்குறைய 40 கஜம் வலப்பக்கம் வளைந்து கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையில்) வந்து நின்றது. முகத்தைக் கொடியை நோக்கி வைத்து அடித்திருந்தால் அது மரத்தை விட்டே வெளியே வந்திருக்காது.

இப்போது ஸ்லைஸுக்கு வருகிறேன். பழகுபவர்களில் பெரும்பாலானோருக்கு இருக்கிற கஷ்டம் இதுதான். ஒருவருடைய பாதை இலக்குக்கு 6 டிகிரி இடப்பக்கம் போகிறது, முகம் 2 டிகிரி இடப்பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து கிட்டத்தட்ட 3 டிகிரி இடப்பக்கம் கிளம்பி, அப்புறம் வலப்பக்கம் வளையும். கவனியுங்கள், இலக்கை வைத்துப் பார்த்தால் அந்த முகம் மூடித்தான், அதாவது இடப்பக்கம் பார்த்துத்தான், இருக்கிறது. ஆனால் பாதையை வைத்துப் பார்த்தால் 4 டிகிரி திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது, ஸ்லைஸ் அங்கேதான் பிறக்கிறது. முகம் திறந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் எதை வைத்துத் திறந்திருக்கிறது என்று சொல்வதே இல்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், ஆனால் பந்து வலப்பக்கம் போய் விழுந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நில் என்றுதான் சொன்னார். நின்றேன். நிற்க நிற்கப் பாதை இன்னும் இடப்பக்கம் போனது, முகத்தை மட்டும் என் கை பழைய இடத்திலேயே வைத்திருந்தது. இடைவெளி பெரிதானது, வளைவும் பெரிதானது. தலையைத் தூக்காதே, மெதுவாக வீசு என்றெல்லாம் மாறி மாறிக் கேட்டேன். நாலு வருடம் கழித்து ஒரு ரேடார் கருவி முன்னால் அடித்தபோது பாதை 7 டிகிரி இடப்பக்கம், முகம் கிட்டத்தட்ட நேர் என்று வந்தது. அந்த இரண்டு எண்களைப் பார்த்த நிமிடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. முதல் வாரமே இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

என் அனுபவத்தில் முதலில் சரிசெய்ய வேண்டியது முகம், பாதை இல்லை. இதில் கருத்து வேறுபடுபவர்கள் உண்டு, ஆனாலும் நான் இதில் உறுதியாக இருக்கிறேன். முகம் திறந்தே வருகிறவர் பாதையை மட்டும் வலப்பக்கம் மாற்றினால் பந்து நேராக வலப்பக்கக் காட்டுக்குள் போய்விடும். அதைப் பார்த்த உடம்பு அடுத்த அடியிலேயே மறுபடியும் இடப்பக்கம் இழுக்கும். முகம் மூடப் பழகிய பிறகு பந்து இடப்பக்கம் போக ஆரம்பிக்கும், அப்போது பாதை தானாகவே வலப்பக்கம் நகரும். பிடியில்தான் ஆரம்பிக்க வேண்டும். கிளப்பை உள்ளங்கையில் வைத்து இறுக்காமல் விரல்களில் பிடித்து, மேலிருந்து பார்க்கும்போது இடது கையின் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிகிற மாதிரி வைத்துப் பாருங்கள். அடுத்தது இடது மணிக்கட்டு. கிளப்பைப் பின்னால் தூக்கி முடித்த இடத்தில் அது புறங்கைப் பக்கமாக மடிந்திருந்தால் முகம் திறக்கும், தட்டையாகவோ உள்ளங்கைப் பக்கம் வளைந்தோ இருந்தால் மூடும். கோல்ஃப் வீரர் டஸ்டின் ஜான்சன் அந்த இடத்தில் மணிக்கட்டை எவ்வளவு வளைத்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால் புரியும்.

ஸ்விங் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று கவலைப்படுபவர்களுக்கு கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக் ஒருவரே போதும். கிளப்பை மேலே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி இறக்குவார், எந்தப் பயிற்சியாளரும் அப்படிச் சொல்லித் தர மாட்டார். ஆனால் பந்தைத் தொடும்போது முகமும் பாதையும் அவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வந்துவிடும். 2003இல் அமெரிக்க ஓபனை வென்றார், 2016இல் பிஜிஏ டூர் என்னும் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஒரே சுற்றை (18 குழிகளை) 58 முறை அடித்து முடித்தார்.

இன்னொன்று. 9 அயர்ன் நேராகப் போகிறது, டிரைவர் மட்டும் வளைகிறது, டிரைவரை மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்ற வேண்டாம். 9 அயர்னில் இருப்பது மாதிரி முகத்தின் சாய்வு (அது மேல்நோக்கிப் பார்க்கும் அளவு) அதிகமாக இருக்கும்போது அதே 4 டிகிரி விலகலுக்குச் சுழலும் அச்சு குறைவாகவே சாயும். டிரைவரில் சாய்வு குறைவு, அதனால் அதே தப்பு பெரிதாகத் தெரிகிறது. டிரைவருக்குப் பந்தை ரொம்ப முன்னால் வைத்து நிற்பதும் ஒரு காரணம், அங்கே போய்ச் சேர்வதற்குள் கிளப் தன் வட்டத்தில் இடப்பக்கம் திரும்பிவிடும். அப்புறம், டிரைவர் முகத்தின் நடுவை விட்டு, தண்டு இருக்கும் பக்கமாகப் பந்து பட்டாலும் வலப்பக்கம் வளையும், நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கம். ஆகவே முகத்தையும் பாதையையும் குறை சொல்வதற்கு முன்னால், பந்தின் மேல் வெள்ளைப் பலகை மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் பக்கம் கிளப்பைப் பார்க்கிற மாதிரி வைத்து அடித்து, முகத்தில் தடம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ரேடார் இல்லாதவர்களும் இதைச் சோதிக்கலாம். பந்துக்கு மூன்று நாலு அடி தள்ளி, இலக்குக்கு நேராக ஒரு குச்சியைத் தரையில் நட்டு வையுங்கள். இடுப்பு உயரத்துக்கு மட்டும் கிளப்பைத் தூக்கி, மெதுவாக அடியுங்கள். பந்து குச்சிக்கு எந்தப் பக்கமாகக் கிளம்பியது? முகம் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது. அதற்கப்புறம் எந்தப் பக்கம் வளைந்தது? பாதை அதற்கு எதிர்ப்பக்கம் இருந்திருக்கிறது. எங்கே போய் விழுந்தது என்பதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். நாம் எல்லாருமே அதை முதலில் பார்க்கிறோம், பழைய விதி இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புட்டிங் (கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டி விடுவது) பற்றி உங்கள் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. அங்கே முகத்தின் பங்கு இன்னும் அதிகம். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். மூன்று மீட்டர் தூரத்தில் நின்று 1 டிகிரி தவறிக் கிளப்பினால் பந்து குழியின் நடுவிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகிவிடும், அதாவது விளிம்புக்கே போய்விடும்.

பிழையைச் சுட்டிக்காட்டிய கடிதமாக இதை ஓரத்தில் போட்டால் போதாது, ஏனென்றால் படிக்கிறவர்கள் கத்தரித்து வைத்துக்கொள்வது படத்தைத்தான். அதே இடத்தில், அதே அளவில் படத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். பந்து கிளம்பும் இடத்தில் முகம் என்றும், வளையும் இடத்தில் முகத்துக்கும் பாதைக்கும் உள்ள இடைவெளி என்றும் எழுதுங்கள். வரைபவருக்கு உதவி வேண்டுமென்றால் நானே கோணங்களைக் குறித்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்