பிள்ளையார் நோன்புக்குக் கைகொடுத்தவர்களுக்கு

மேலவீட்டு ஐயாவுக்கும், கீழவீட்டு அப்பத்தாவுக்கும், எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்கும், அவர் வீட்டு அக்காவுக்கும், பணியாரம் ஊற்ற வந்த ஆச்சிக்கும், கூட நின்ற பங்காளி வீடுகள் அத்தனைக்கும் வணக்கம்.

ஊரிலிருந்து சென்னைக்குத் திரும்பி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. கிளம்பிய அவசரத்தில் யாரிடமும் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. போனில் நன்றி சொன்னால், “இதுக்கெல்லாமா சொல்லுவாக” என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் எதுவும் போட வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டதால் வீட்டைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். கானாடுகாத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே போதும்.

எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். என் அப்பச்சி இருந்தவரை நோன்பைப் பற்றி நான் தனியாக யோசித்ததே இல்லை. ஊருக்குப் போவோம், அவர் இழையைக் கொடுப்பார், வாங்கிக்கொள்வோம். அவர் தவறிய வருடம் வீட்டில் நோன்பு இல்லை. அதற்கு அடுத்த வருடம் சென்னை ஃபிளாட்டிலேயே எடுத்துக்கொண்டோம். திரி கடையில் வாங்கியது. நான் ஆபீஸிலிருந்து ஓடிவந்து கை கால் கழுவி உட்கார்ந்து, பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அன்று மகன் கேட்டான், “அப்பச்சி, நாம ஏன் நெருப்பைச் சாப்பிடுறோம்?” கதை எனக்குத் தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தபோது இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. ராத்திரி என் மனைவிதான், “அடுத்த வருசம் ஊருக்குப் போயிருவோம்” என்றாள்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று. பெரிய கார்த்திகையில் (திருக்கார்த்திகையன்று) தொடங்கி 21 நாள், மார்கழியில் சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் எடுப்பது பிள்ளையார் நோன்பு. புது வேட்டியிலிருந்து தினம் ஒரு நூல் இழையாக 21 இழை எடுத்துத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் வைத்து ஏற்றுவோம். வீட்டுக்குப் பெரியவர் அதை எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். இதைத்தான் இழை எடுத்துக்கொள்வது என்கிறோம்.

இந்த முறை முதல் 12 நாள் சென்னையில்தான். பள்ளி வண்டி வருவதற்குள் மகள் வேட்டியிலிருந்து ஒரு நூலை உருவி டப்பாவில் வைப்பாள். மூன்றாம் நாள் நூல் பாதியில் அறுந்துவிட்டது. அழுதுகொண்டே ஐயாவுக்கு வீடியோ காலில் காட்டினாள். “முடிச்சுப் போடாத, வேற ஒண்ணு உருவு. வேட்டியில நூலுக்கா பஞ்சம்?” என்று ஐயா சொன்னதும் சிரித்துவிட்டாள். அரையாண்டு விடுமுறையோடு நோன்பு நாள் சரியாகப் பொருந்தவில்லை. மூன்று நாள் கூடுதலாக விடுப்புக் கேட்டபோது, திரும்பி வந்து வகுப்பில் எல்லோருக்கும் இதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுமதித்த ஆசிரியைக்கும் இந்த மடலில் இடம் உண்டு.

ஊரில் வண்டியை விட்டு இறங்கியபோது முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்முற்றமான வளவெல்லாம் கழுவி, சாமி வீட்டில் புதுத் திரி போட்டு வைத்திருந்தார் அண்ணன். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீடு அது. அதைத் திறந்து, கூட்டி, வௌவால் அண்டாமல் காப்பது எவ்வளவு வேலை என்று செட்டிநாட்டில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அண்ணே, நீங்கள் சம்பளத்துக்குச் செய்கிற வேலையாக அதை நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. அப்பச்சி படத்துக்கு வெள்ளிக்கிழமைதோறும் நீங்களே பூ வாங்கிப் போட்டிருக்கிறீர்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது.

அப்புறம், கீழவீட்டு அப்பத்தா. நடுவீட்டுக் கோலத்தை உங்களைப் போல இழுக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பங்காளிகளில் இன்னும் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். நீங்களே போட்டிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். ஆனால் பச்சரிசி மாவுக் கிண்ணத்தை என் மகள் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டீர்கள். துணித் துண்டை மாவில் நனைத்து உள்ளங்கையில் பிடித்துப் பிழிந்தால் மோதிர விரல் வழியாக மாவு இறங்க வேண்டும். அவளுக்கு ஐந்து விரல் வழியாகவும் இறங்கியது. ஈரத்தில் கோடு மங்கலாகத்தானே இருக்கும்? விழவில்லை என்று நினைத்து அதன் மேலேயே மறுபடி இழுத்தாள், கோடு தடித்துப்போனது. “காயட்டும் ஆத்தா, அப்புறம் பாரு” என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் கோலம் வெள்ளை வெளேரென்று தரையிலிருந்து எழும்பி வந்ததைப் பார்த்து அவள் கையைத் தட்டினாள். கோணலாக இருந்த மூலையை அழித்துத் திருத்தலாம் என்று நான் வாய் எடுத்தேன், நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள். அந்தக் கோணல் மூலையோடுதான் பிள்ளையாரை எழுந்தருளச் செய்தோம். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அப்பத்தா.

கண்மாய்க் கரையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஆவாரம்பூ பறித்து வந்த அக்காவுக்கும், கருப்பட்டிப் பணியாரத்துக்கு மாவு கரைக்கும்போது பதம் வந்ததா என்று மகளையே பார்க்கச் சொன்ன ஆச்சிக்கும் நன்றி. நகரத்தாருக்கு உரிய ஒன்பது நகரக் கோயில்களையும் இரண்டே நாளில் சுற்றிக் காட்டிய டிரைவர் தம்பிக்கும் நன்றி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று மகன் இப்போது ஒரே மூச்சில் சொல்கிறான். வைரவன்பட்டியில், நம் வீட்டுக் கல்யாணத்துக்கு இந்தக் கோயிலிலிருந்துதான் மாலை வரும் என்று அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்ன குருக்களையும் நினைத்துக்கொள்கிறேன்.

நோன்பன்று சாயங்காலம் ஐயா முகப்பில் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து கதை சொன்னார். காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்த காலத்தில் கடல் வணிகம் போன நம் முன்னோர் புயலில் சிக்கி, பிள்ளையாரை வேண்டி, கட்டியிருந்த வேட்டியிலிருந்து தினம் ஒரு நூலை எடுத்து நாளை எண்ணினார்கள், 21-ஆம் நாள் கரை சேர்ந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்லிவரும் கதைதான். சென்ற வருடம் எனக்கு வராத கதை. சொல்லிக்கொண்டே மற்றவர்களுக்கான திரிக்கும் 21, 21 ஆகப் பிள்ளைகளை நூல் எண்ணச் சொன்னார். மகன் 20-ல் நிறுத்திவிட்டு ஐயா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “கரைக்கு இன்னும் ஒரு நாள் இருக்குய்யா” என்றார். உடனே ஒரு நூலைச் சேர்த்து வைத்தான்.

இருட்டியதும் சங்கு ஊதியது. 14 பேருக்கு இழை. மகன் முறை வந்தபோது அவன் கையை நீட்டவில்லை. திரியின் நுனியில் சுடர் ஆடியது, நெய் மாவில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அதற்காகவே உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். ஐயா குனிந்து, “நெருப்பப் பாக்காத, என்னயப் பாரு. வாய மூடுனதும் அது அணைஞ்சிரும்” என்றார். வாங்கினான், வாயை மூடினான், கண்ணையும் சேர்த்து மூடினான். விழுங்கிவிட்டு, “சூடே இல்ல!” என்று வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அடுத்து, மாசமாக இருக்கும் பங்காளி வீட்டு மருமகளுக்கு ஐயா இரண்டு இழை கொடுத்தார். வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்கும் ஒன்று என்று தெரிந்ததும், “அதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா, பயந்துரும்ல?” என்று கவலைப்பட்டான்.

கடைசி மூன்று இழை இருக்கும்போது ஐயா தட்டை என் பக்கம் தள்ளினார். “நீ குடு. கை பழகட்டும்.” என் மனைவிக்கும், என் ஆத்தாவுக்கும், கடைசியாக ஐயாவுக்கும் நான் எடுத்துக் கொடுத்தேன். அப்பச்சி இருந்த இடத்தில் நின்று கொடுத்தேன். ஆத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால் அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன், ஐயா. 80 வயதைத் தாண்டி, முழங்கால் வலியோடு அன்று நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தது எங்கள் வீட்டுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய நம்மவர்கள் போன இடமெல்லாம் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். சிங்கப்பூர் டாங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் எழுந்தது 1859-ல். ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்துகொண்டு அவர்கள் விடாமல் செய்ததை, ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் நான் பத்து நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். இனி அப்படி இல்லை.

அப்பத்தா, உங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கு பணியாரத்தோடு எங்கள் பெட்டியில் சென்னைக்கு வந்துவிட்டது. பொங்கலுக்கு ஆத்தா ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். மகள் தூக்குக்குள் ஒரு தாள் வைத்திருக்கிறாள், அவளாகவே போட்டுப் பார்த்த கோலம். மூலை இன்னும் கோணல்தான். அண்ணே, சாவி உங்களிடமே இருக்கட்டும். பெரிய கார்த்திகைக்கு முந்தின நாளே வந்துவிடுகிறோம்.